ஆச்சிக்கு மைக் கட்டியவன்

மைக் செட்காரனுக்குக் கட்சி கிடையாது என்பார்கள். அடி விழும்போது மட்டும் எல்லாக் கட்சி அடியும் அவனுக்குத்தான். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளில் காரைக்குடியில் உண்ணாமலை ஆச்சி சட்டமன்றத் தேர்தலுக்கு நின்றார். செட்டியார் வீட்டுப் பெண், கணவர் இல்லை, நாற்பது வயதிருக்கும். அவர் மேடையேறக் கூடாது என்று முதலில் கிளம்பியவர் அவருடைய கொழுந்தனார்தான். மைக் கட்டியவன் நான்.

குழாய் எந்தப் பக்கம்?

எங்கள் ஊர் வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கூட்டம் முன்தெருவில் நடக்கும். பெண்கள் அங்கே வந்து நிற்க மாட்டார்கள். முதல் கூட்டத்தன்று ஆச்சி வந்து பார்த்தார். இரண்டு குழாய் ஸ்பீக்கர்களையும் அவிழ்த்துப் பின்தெருவில் கட்டச் சொன்னார். கட்டினேன்.

பேச்சு தொடங்கியதும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்று சத்தம் போட்டார். ஆச்சி மேடையிலிருந்தே சொன்னார்: "நீங்கள்லாம் வரும்போதே முடிவு பண்ணிட்டு வந்திருக்கீக. பண்ணாதவுக அங்குட்டு இருக்காக."

கல்யாண மாதம்

கொழுந்தனார் என் கடைக்கு வந்தார். அவர் கை காட்டுகிற ஆள்தான் ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் பாட்டுப் போடுவான். ஆச்சிக்கு இனி மைக் கட்டினால் ஒரு கல்யாணமும் உனக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார். தை மாதம் முழுக்க என் ரிக்கார்டுகள் பெட்டிக்குள் தூங்கின.

அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். பின்தெருவில் நின்று ஆச்சி பேச்சைக் கேட்டவள். அரிசியில் கல் பொறுக்கியபடியே சொன்னாள்: "நீங்க போகலைன்னா அந்த மனுசன் சொன்னதே சட்டமாயிரும். போயிட்டு வாங்க, கஞ்சிக்கு நான் பொறுப்பு."

அறுந்த ஒயர்

பக்கத்து ஊரான கண்டரமாணிக்கத்தில் பேச்சின் நடுவே யாரோ ஒயரை அறுத்துவிட்டார்கள். கொழுந்தனார் ஆட்கள் ஓரமாக நின்று சிரித்தார்கள். நான் அறுந்த இடத்தைத் தேடி ஓடினேன். ஆச்சி மேடையை விட்டு இறங்கி, பின்வாசல் பின்வாசலாக உள்ளே போய்ப் பெண்களிடம் பேச ஆரம்பித்துவிட்டார். நான் ஒட்டி முடித்த பிறகும் அவர் மேடைக்குத் திரும்பவில்லை.

மறுநாள், சிரித்தவர்களில் ஒருவன் கடைக்கு வந்தான். "அண்ணே, இனிமே ஒயரத் தொட மாட்டோம். அந்தாச்சிய மேடையிலயே நிப்பாட்டுங்க. எங்க வீட்டுக்குள்ள வந்து எங்காத்தாவையே திருப்பிட்டுப் போயிட்டாக."

கவர்னர்

ஆச்சி ஜெயித்தார்; பின்னால் மந்திரியும் ஆனார். எழுபதுகளில் வடக்கே ஒரு மாநிலத்துக்குக் கவர்னராக அனுப்பினார்கள். ஒருமுறை கல்லூரி விழாவுக்கு ஊருக்கு வந்தார். அதிகாரிகளே மைக் கொண்டுவந்துவிட்டதால் நான் கூட்டத்தோடு நின்றேன். எழுதிக் கொடுத்ததை ஆச்சி இங்கிலீஷில் அப்படியே படித்தார்.

காரில் ஏறப் போனவர் என்னைப் பார்த்து நின்று, "நல்லாக் கேட்டுச்சா?" என்றார். சுற்றிலும் போலீஸ். நான் அதிகம் பேசாதவன், அன்று பேசினேன். நன்றாகக் கேட்டது, பேசியது யார் என்றுதான் தெரியவில்லை என்றேன். ஆச்சி சிரிக்கவில்லை. "எனக்குந்தான் தெரியல" என்றார்.

ஸ்டேஷனில்

அந்த மாநிலத்து மந்திரிசபைக்குப் பெரும்பான்மை இருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடும்படி ஆச்சிக்கு மேலிடத்திலிருந்து சொன்னார்களாம். மந்திரிசபையைக் கலைக்க அது வேண்டுமே. ஆச்சி மறுத்து, பதவியை விட்டுவிட்டு ரயிலேறிவிட்டார்.

காரைக்குடி ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன், கொழுந்தனாரும் வந்திருந்தார். ஒரு கையெழுத்துக்காக அவ்வளவு பெரிய மாளிகையை விட்டுவிட்டு வரலாமா, இனி யார் மதிப்பார்கள் என்று கேட்டார். பெட்டியைக் கீழே வைக்காமலே ஆச்சி சொன்னார்: "மாளிகை அவுகளோடது. கையெழுத்து என்னோடதுல்ல."

நான் மைக் கட்டிய இத்தனை வருஷத்தில் பதவிக்காகப் பேச்சை விட்டவர்கள் எத்தனையோ பேர். பதவியை விட்டு வந்த கையோடு அன்று சாயங்காலமே மேடை வேண்டும் என்று என்னை ஓட வைத்தவர் ஆச்சி ஒருவர்தான்.