அண்ணி தொலைத்த கணக்கு

எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். பத்தாவதில் அது என்னைத் தோற்கடித்தது, நானும் அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால்தான், என் அண்ணி தாட்சாயணி முப்பத்திரண்டு வயதில் பி.எஸ்சி. கணக்கு படிக்கத் திருப்பதிக்குப் போகிறேன் என்றபோது, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவள் என் அண்ணன் மனைவி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, வாடி போடி என்றுதான் பேச்சு. அண்ணன் அப்போது குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை போனில் விஷயத்தைக் கேட்டவர், "ஆசப்பட்டா படிக்கட்டும், உனக்கு இன்னா நோவுது?" என்று என்னைத்தான் திட்டினார்.

அண்ணி கெட்டிக்காரிதான், அதை மறுக்க முடியாது. பாகாலாவில் இண்டர், அதாவது ஆந்திராவின் ப்ளஸ் டூ, படித்தபோது கணக்கில் அவளும் அவள் தோழி பத்மினியும்தான் மாற்றி மாற்றி முதலிடம். பத்மினி ரயில்வேக்காரர் மகள். காலேஜ் விட்டதும் இருவரும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவும் காகிதமும் இல்லாமல், வாயாலேயே போட்டிக்குக் கணக்குப் போடுவார்களாம். இண்டர் முடிந்த கையோடு அண்ணிக்குக் கல்யாணமாகி எங்கள் புத்தலப்பட்டுக்கு வந்துவிட்டாள். பத்மினி ஐதராபாத்தில் இன்ஜினியரிங் படித்தாள். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளை அமெரிக்கா அள்ளிக்கொண்டு போன அந்த வருடங்களில் அவளும் போய்விட்டாள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூட அண்ணிக்கு அவள் நினைப்புதான். "பத்மினி இந்நேரம் எவ்ளோ பெரிய கணக்கு போட்டுக்கினு இருப்பா!" என்பாள். பொறாமை என்றால் எனக்கு நன்றாகத் தெரியும், என்னிடமே நிறைய இருக்கிறது. இது பொறாமை இல்லை, ஏக்கம்.

நான் திருப்பதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்புவோம். காலேஜில் பெண்கள் அவளை "ஆன்ட்டி" என்றார்கள். பாடம் நடத்துகிறவர் அவளைவிடச் சின்னவர், "மேடம்" என்றார். அதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை. கணக்குதான் அவளைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. போர்டில் எழுதுவதெல்லாம் எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதாம், பெயர்தான் வரவில்லையாம். பெரிய கணக்கை விடுங்கள். ஒரு நாள் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னதற்கு, மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டாள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா? வகுப்பே சிரித்ததாம். அன்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "என் தலைக்குள்ள இருந்ததுடி அது. எங்க போச்சுன்னே தெரியல," என்றாள்.

அரையாண்டுத் தேர்வில் கணக்கு போயிற்று. பிரின்சிபால் கூப்பிட்டு, கணக்கு உங்களுக்கு வராது மேடம், ஹிஸ்டரிக்கு மாறிக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள் என்று தெலுங்கில் நயமாகவே சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமைதான் பத்மினி தன் மகளுக்கு முடியிறக்கத் திருமலைக்கு வருவதாக இருந்தது.

"அவளாண்ட ஒரு தபா கேட்டுப் பாக்கறேன்," என்றாள் அண்ணி. "அவ சொன்னா புரிஞ்சிடும். அப்பவும் புரியலன்னா கணக்க விட்டுடறேன்."

துணைக்கு நானும் போனேன். தரிசன வரிசையில் பத்மினி குடும்பத்தோடு எங்களையும் கம்பார்ட்மெண்ட் என்கிற கூடத்தில் உட்கார வைத்துக் கதவைப் பூட்டினார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய அவள் குழந்தை அப்பா மடியில் தூங்கியது. கதவை எப்போது திறப்பார்கள் என்று அத்தனை ஜனமும் கோவிந்தா போட்டுக்கொண்டிருக்க, திறக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டவள் எங்கள் அண்ணி ஒருத்தியாகத்தான் இருப்பாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

"இத்த சொல்லிக் குடுடி. இண்டெக்ரேஷன். ஸ்டேஷன்ல வாயாலயே போடுவோமே, அதேதான்."

பத்மினி வாங்கிப் பார்த்தாள். அடுத்த பக்கம் திருப்பினாள். மறுபடியும் பழைய பக்கத்துக்கே வந்தாள்.

"தாட்சா, கடைசியில ஒரு ப்ளஸ் சி போடணும். அத்த தவிர எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடி."

"வெளையாடாத."

"நெஜமா. அங்க ஆபீஸ்ல புரோகிராம் எழுதறேன், மீட்டிங் போறேன். இது எதுக்கும் தேவைப்படல. காலேஜ் முடிஞ்சதும் போயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"நீ வெச்சிருப்பேன்னு நெனச்சேன்டி," என்றாள் அவள். "நான்தான் அடுப்பாண்ட உக்காந்து தொலைச்சிட்டேன். போனா போவுது, நீ பத்திரமா வெச்சிக்கினு இருப்பேன்னு நெனச்சேன். இத்தினி வருசமும் அப்படித்தான்டி நெனச்சிக்கினு இருந்தேன்."

சொல்லிவிட்டு அழுதாள். பரீட்சைக்காக அழவில்லை என்று எனக்கே புரிந்தது. பத்மினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அது போனதே எனக்கு இப்பதான் தெரியுது," என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

கதவு திறந்தது. கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாமி முன்னால் நிறுத்தி, கும்பிடுவதற்குள் வெளியேயும் தள்ளியது. சாயங்காலம் பத்மினி காரில் சென்னைக்குப் போய்விட்டாள். அண்ணி புத்தகத்தைப் பைக்குள் வைத்து மூடிவிட்டாள். சரி, ஹிஸ்டரிதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை கடைக்கு லேட்டானாலும் பரவாயில்லை என்று அவளோடு காலேஜுக்குப் போனேன். பிரின்சிபால் அறை வாசலில் நின்றேன், உள்ளே பேசியது நன்றாகக் கேட்டது.

"ஹிஸ்டரிதானே மேடம்?"

"இல்ல சார். லெக்கலே காவாலி." கணக்குத்தான் வேண்டுமாம்.

அவர் பொறுமையாகச் சொன்னார். கணக்கு உங்களை விட்டுப் போய்விட்டது, மறுபடியும் ஃபெயிலாவீர்கள், இந்த வயதில் எதற்கு இந்தத் துன்பம்?

அண்ணியும் தெலுங்கிலேயே பதில் சொன்னாள். ஃபெயிலானால் ஆகட்டும் சார். பாஸாவதற்காகக் கேட்கவில்லை. என்னால் அது இல்லாமல் இருக்க முடியவில்லை.

போய் வகுப்பில் உட்காருங்கள் என்றார் பிரின்சிபால். அண்ணி என்னைக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று மாடிப்படி ஏறிப் போனாள். இல்லாமல் இருக்க முடியாது என்று சொல்லும்படி எனக்கு என்ன இருக்கிறது என்று கடைக்கு நடந்துபோகும்போது யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.