சட்டையிலிருந்து உரித்த பெயர்

ஓட்டக்காரி தொலைக்காட்சியில் உண்மையைச் சொன்ன மறுநாள் காலை, அவளுடைய அக்கா தன் கடை வாசலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள். "பனியனில் உள்ள பெயர் நீக்கித் தரப்படும். கூலி வேண்டாம்."

யாருடைய பெயர் என்று எழுதவில்லை. தெருவில் பாதிப் பேர் முதுகில் அந்த ஒரே பெயர்தானே இருந்தது! நெடுந்தூர ஓட்டத்தில் தங்கை பதக்கம் வாங்கிய நாளிலிருந்து, கைக்குழந்தை முதல் கைத்தடி பிடித்தவர் வரை அவள் பெயர் போட்ட பனியன் கேட்டு வந்தார்கள். ஒட்டிக் கொடுத்தவள் அக்காதான். விளையாட்டுப் பனியன்களில் பெயரும் எண்ணும் ஒட்டுவது அவள் தொழில். பிளாஸ்டிக் தாளில் எழுத்தை வெட்டி, துணிமேல் வைத்து, சூட்டுத் தட்டை இறக்கி அழுத்துவாள். தெருவுக்கு அவள் 'அச்சக்கா'.

அச்சக்கா குள்ளம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "எங்க வீட்டுக்கு அளந்து வச்சிருந்த காலையெல்லாம் இவளே வாங்கிட்டுப் போயிட்டா. எனக்கு வாய்தான் மிச்சம்" என்று தங்கையைக் காட்டிச் சொல்லி, தானே முதலில் சிரிப்பாள். ஒரு பேனர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டு, பழைய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கித் தனிக்கடை போட்டவள். தங்கைக்கு முதல் ஓட்ட ஷூ வாங்கிக் கொடுத்ததும் அந்த இயந்திரத்தின் உழைப்புதான்.

அந்தத் தங்கைதான் நேற்று மைக் முன்னால் உட்கார்ந்து, "ஊக்க மருந்து ஊசி போட்டுக்கிட்டேன். யாரும் என்னை ஏமாத்தல. தெரிஞ்சேதான் போட்டுக்கிட்டேன். பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன்" என்றாள். எந்தச் சோதனையிலும் சிக்காதவள், தானாகவே சொன்னாள். கடையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த அச்சக்கா தட்டைத் தூக்க மறந்தாள். ஒரு பனியன் கருகிப்போனது.

"அச்சக்கா, இது என்ன கூத்து?" அட்டையைப் பார்த்துவிட்டு எதிர்க்கடை சலூன்காரர் கத்திரியோடு தெருவைத் தாண்டி வந்தார். "எல்லாரும்தான் போடுறாங்க. இவ மட்டும் ஏன் வாயைத் தொறந்தா? கமுக்கமா இருந்திருக்கலாம்ல?"

காலையிலிருந்து போனில் வந்த வசவுகளை அச்சக்கா பொறுத்துக்கொண்டாள். இது சுருக்கென்று தைத்தது.

"ஏண்ணே, ஒருத்தருக்குப் போட்ட பிளேடையே அடுத்தவருக்கும் போட்டுட்டு, எல்லாரும்தான் போடுறாங்கன்னு சொல்லுவீங்களா?"

"நான் எதுக்கும்மா அப்படிப் போடப்போறேன்..." கத்திரியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு அவர் திரும்பிப் போனார்.

வெயில் ஏறுவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு சொல் சொல்லாமல் யாரும் பனியனைக் கொடுக்கவில்லை. "ஊசி போட்டா எங்க தாத்தாகூட ஓடுவாரு" என்றான் ஒருவன். "உங்க தாத்தாவுக்கு ஏற்கெனவே உடம்பெல்லாம் ஊசிதானே, ஏன் இன்னும் உட்கார்ந்தே இருக்காரு?" என்றான் அடுத்தவன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. சின்னப் பனியன் ஒன்றை மேசைமேல் வீசினாள்.

"என் பொண்ணு இவளைப் பார்த்துத்தான் தினமும் விடியக்காலம் எழுந்து ஓடினா. இப்ப அவகிட்ட நான் என்ன சொல்றது?"

அச்சக்காவுக்குள் இருந்ததும் அதே கேள்விதான். பதில் சொல்ல வேண்டியவளோ மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அந்தச் சாத்திய கதவுதான் அச்சக்காவைப் பயமுறுத்தியது. பதக்கம் போனால் போகட்டும். ஒளிந்துகொள்ளப் பழகிவிட்டால், இந்தத் தெருவில் தங்கை இனி எப்படி நடப்பாள்?

தோளில் ஒரு பனியனைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறினாள்.

"கீழ வா."

"எல்லாரும் போகட்டும்."

"இவங்க போனா வேற ஆளு வரும். காலம் பூரா மாடியிலயே இருப்பியா?"

"நீயும் திட்டணும்னா திட்டிட்டுப் போ அக்கா."

"திட்டறதுக்கு எங்கடி நேரம்? கீழ மலையாட்டம் குவிஞ்சு கெடக்கு." தோளிலிருந்த பனியனைக் கட்டில்மேல் போட்டாள். அது அச்சக்காவின் சொந்தப் பனியன். அந்தப் பெயரை முதன்முதலாக ஒட்டியது அதில்தான். "இதுல ஆரம்பி. ஒட்டினது நான். எடுக்க வேண்டியது நீ."

தங்கை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "உனக்குமா அக்கா?"

"எனக்குத்தான் முதல்ல. கேமராகிட்ட சொல்லிட்டே. அதுக்கு உன்னைத் தெரியாது. கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியும். அவங்க மூஞ்சியைப் பார்த்தும் சொல்லு. அதுவரைக்கும் நீ சொன்னது பாதிதான்."

தங்கை இறங்கி வந்தாள். அச்சக்கா அவளை உள்ளறைக்கு அனுப்பாமல், வாசலைப் பார்த்த மேசையிலேயே உட்காரவைத்தாள்.

"ஒட்டும்போது, ஆறவிட்டு, எழுத்தைப் பிடிச்சிருக்கிற மேல்தாளை உரிக்கணும். அவசரப்பட்டா எழுத்தும் சேர்ந்து வந்துடும். எடுக்கும்போது நேர்மாறு. மறுபடி தட்டுல சூடு காட்டி, சூடா இருக்கும்போதே இழுக்கணும். ஆறிப்போச்சுன்னா விடாது. விரல் சுடும், பார்த்துக்கோ."

சுட்டது. தங்கை விரலை ஊதிக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். சின்னப் பனியன்காரியிடம், "தப்பு என்னோடது அக்கா. உங்க பொண்ணுகிட்ட நானே வந்து சொல்றேன்" என்றாள். "வேண்டாம்" என்று அவள் பனியனைப் பிடுங்கிக்கொண்டு போனாள். ஒருவன் வாசலில் துப்பிவிட்டுப் போனான். தங்கை எழுந்து தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

அந்த வாரத்திலேயே ஓட்டச் சங்கச் செயலாளர் ஒரு மூட்டைப் பனியனோடு வந்தார். போனில் அவர் பேசிய பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. நேரில், தங்கையின் கொப்புளம் கண்ட விரல்களைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார். எழுத்தை உரித்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் இருந்ததால், பெயர் அச்சாகத் தெரிந்தது.

"என்னம்மா, எடுத்தப்புறமும் படிக்க முடியுதே?"

"துணி வெளுக்க வெளுக்கப் போயிடும் சார். கொஞ்ச நாளாகும்" என்றாள் தங்கை.

"ம்ம். ரசீது உண்டா?"

"சும்மா செய்யறதுக்கு என்ன சார் ரசீது?" என்றாள் அச்சக்கா.

அன்று பிற்பகல்தான், உயரத்தால் நெட்டை என்று பெயரெடுத்தவள் வந்தாள். அவளும் நெடுந்தூர ஓட்டக்காரி. தங்கை பதக்கம் வாங்கிய அதே பந்தயத்தில் நான்காவதாக வந்தவள். அடுத்த வாரம் அணித் தேர்வுக்குப் போகிறாள். புதுப் பனியனை அச்சக்காவிடம் நீட்டினாள்.

"என் பேரு போடணும் அக்கா. நீங்க ஒட்டுங்க. இவ கை படக்கூடாது."

தங்கை எழுந்து ஓரமாக நின்றாள். "சரிம்மா" என்று அச்சக்கா எழுத்துகளை வெட்டி, அடுக்கி, தட்டை இறக்கினாள்.

நெட்டை தங்கையை நேராகப் பார்த்தாள். "கடைசிச் சுத்துல நீ என்னைத் தாண்டிப் போனப்ப, எனக்கு உன்மேல கோவம் வரல. என் கால்மேலதான் வந்துச்சு. அன்னியிலேர்ந்து என் காலைத் திட்டிட்டே இருந்தேன். நல்ல காலைத் திட்டியிருக்கேன்."

"ஆமா" என்றாள் தங்கை. "உன் கால்ல ஒரு குறையும் இல்ல. நான்தான் ஏமாத்தினேன்."

"மன்னிப்பு கேக்கப் போறியா?"

"கேக்கணும். நீ தரணும்னு இல்ல."

கேட்டுக்கொண்டிருந்த அச்சக்காவின் கண் கலங்கியிருந்தது. தட்டைத் தூக்கியவள், கை போன போக்கில் மேல்தாளைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, ஆறல!"

தங்கை கத்துவதற்குள் இரண்டு எழுத்து தாளோடு கிழிந்து வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அச்சக்கா செய்யாத தவறு. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

நெட்டை பனியனைப் பார்த்தாள். தங்கையின் விரல்களைப் பார்த்தாள். "எடுக்கறதுலதான் இவ தேறிட்டாளே. எடுக்கச் சொல்லுங்க. ஒட்டறது நீங்க."

தங்கை சூட்டோடு சூடாக மிச்ச எழுத்துகளை உரித்தெடுத்தாள். அச்சக்கா புதிதாக வெட்டி ஒட்டினாள். பிறகு மூவரும் அது ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள். மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

பனியனை மடித்து வாங்கிக்கொண்ட நெட்டை வாசலில் நின்றாள். "காலையில நான் மைதானத்துல இருப்பேன். அப்ப வராத."

"எப்ப வரட்டும்?"

"சாயங்காலம் வந்துக்கோ. மைதானம் என் அப்பன் வீட்டுச் சொத்தில்ல." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் அச்சக்கா கடையைச் சாத்தினாள். பெயர் உரித்த தன் பனியனை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "கிளம்பு."

"எங்க?"

"சாயங்காலம் ஆயிடுச்சுல்ல? நானும் ஓடறேன்."

"நீயா!" அந்த வாரத்தில் முதன்முறையாகத் தங்கைக்குச் சிரிப்பு வந்தது.

"அச்சக்கா, ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா?" என்றார் சலூன்காரர்.

"அதுக்குத்தாண்ணே உங்களையும் கூப்பிடலாம்னு இருந்தேன். வாங்க, தூக்கிட்டு வருவீங்க."

தெருமுனையில் கூட்டத்திலிருந்து ஒரு குரல், "டேய், ஊசி போகுதுடா!" என்றது. தங்கை நின்றாள். அச்சக்கா நிற்காமல் நடந்தாள். நின்றால் தானே தங்கைக்காகப் பேசிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆமா, போட்டேன்" என்றாள் தங்கை, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி. "இனிமே போட மாட்டேன். சாயங்காலம் சாயங்காலம் இந்த வழியாத்தான் போவேன்."

சொல்லிவிட்டு அக்காவைப் பிடிக்க நடையை எட்டிப் போட்டாள். அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. அக்கா அதற்குள்ளாகவே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தாள்.