உதைக்குப் பயந்த கெர்மிட்

கெர்மிட் பிரான்வோல்டுக்கு வாய் பெரிது. துப்பாக்கி அதைவிடப் பெரிது. மொன்டானா மலைக்காட்டில் முப்பத்தைந்து வருடம் மரலாரி ஓட்டியவர். சுடும்போது தோளைப் பெயர்த்தெடுக்கிற மாதிரி பின்னால் உதைக்கும் அந்தத் துப்பாக்கியைத்தான் காலமெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தார். உதையைத் தாங்கத் துப்பாக்கியின் அடிக்கட்டையில் ரப்பர் மெத்தை வைத்துக்கொண்டவர்களைக் கண்டால், "தொட்டிலையும் கூடவே எடுத்துட்டு வந்திருக்கலாமே" என்பார்.

அவர் மனைவி ஆர்டிஸுக்குச் சிரிப்பு வராது. போன வேட்டைப் பருவத்தில் கெர்மிட் சுட்ட எல்க் மான் வயிற்றில் குண்டோடு ஓடிவிட்டது. இருவரும் இரண்டு நாள் ரத்தத் தடம் பிடித்து அலைந்தார்கள். ஓடையோடு தடம் போய்விட்டது. கெர்மிட் முதலில் காற்றைக் குறை சொன்னார். பிறகு குறிபார்க்கும் கண்ணாடியைக் குறை சொல்லி, புதிது வாங்கி மாட்டினார். இன்னொரு மிருகம் அப்படித் துடித்துச் சாகக் கூடாது, ஆர்டிஸுக்கு அது ஒன்றுதான் கவலை.

வீட்டில் தோட்டா அடைப்பது ஆர்டிஸ்தான். வசந்தத்திலிருந்து, தோட்டாக் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்குள்ளேயே, வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தார். உதை தணிந்தது. குறி மட்டும் தேறவில்லை.

பருவம் தொடங்க மூன்று வாரம் இருக்கையில் சரளைக்கல் குழிக்குச் சுட்டுப் பழகப் போனார்கள். அன்றைக்குத் துப்பாக்கியை ஆர்டிஸே நிரப்பிக் கொடுத்தார். மூன்றாவது தோட்டாவில் மருந்தே இல்லை. கெர்மிட் விசையை இழுத்தபோது 'டிக்' என்றதோடு சரி. ஆனாலும் அவர் தோள் துள்ளியது, குழல் மண்ணைப் பார்த்துக் குனிந்தது, கண் இறுக மூடிக்கொண்டது.

"என்னத்தப் போட்டுக் குடுத்த?"

"மருந்தில்லாத தோட்டா. அது உதைக்கவே இல்லயே, நீ எதுக்குத் துள்ளுன?"

கெர்மிட் அந்தத் தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"ஆறு மாசமா மருந்தையும் குறைச்சுட்டுதான் வரேன். உனக்குத் தெரியக்கூட இல்ல."

"அப்போ போன வருஷம்..."

"காத்து மேல தப்பில்ல, கெர்மிட்."

மறுநாளே மெத்தை வந்து ஏறியது. மெத்தையின் கனத்துக்கு ஈடாக அடிக்கட்டை ஒரு விரல் அகலம் குறைந்தது. கெர்மிட் தினமும் சின்னத் துப்பாக்கியால் தகர டப்பாக்களைச் சுட்டார். கட்டையைத் தோளோடு இறுக்கி அணைக்கவும் பழகினார். பாவம், அறுபத்திரண்டு வயதில் அரிச்சுவடியிலிருந்து.

முதல் வேட்டை நாளன்று வெறும் வண்டியோடு இருவரும் திரும்பினார்கள். காட்டுக்குள் தனியே போனபோது என்ன நடந்தது என்று கெர்மிட் சொல்லவில்லை, ஆர்டிஸும் கேட்கவில்லை. மலையடிவார வேட்டைச் சோதனைச் சாவடியில் பத்து வண்டிகள் நின்றன. பக்கத்து வீட்டு டுவெய்ன் ஜன்னலோரம் வந்தார்.

"என்னப்பா, பீரங்கி இன்னிக்குப் பேசலயா?"

"நூறு கஜத்துல நின்னுச்சு. பெரிய கொம்பு."

"அப்புறம்?"

பழி இந்த முறை காற்றுக்கா, கண்ணாடிக்கா என்று ஆர்டிஸ் காத்திருந்தார்.

"கண்ணு மூடப் பாத்துச்சு. விசையிலேருந்து விரல எடுத்துட்டேன்," என்றார் கெர்மிட், எல்லோருக்கும் கேட்கும்படி. "உதைன்னா எனக்குப் பயம் டுவெய்ன். பல வருஷமாவே. போன வருஷம் அந்த மானைச் சீரழிச்சதும் அதனாலதான்."

யாரும் சிரிக்கவில்லை. நாற்பது வருடக் குடித்தனத்தில் கணவர்மேல் இவ்வளவு மதிப்பு ஆர்டிஸுக்கு வந்ததில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"வண்டிய எடு, பசிக்குது," என்றார்.