கல்யாண அடுப்படியில் பர்த்தினி

கிளாத்தென் பக்கம் எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் முதலில் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பெட்டி போகும். சோறு, இறைச்சி, மூடியின் மேல் கல்யாணத் தேதி. அது விருந்தாளிகளுக்கான அழைப்பு. பக்கத்து வீட்டுக்காரிக்கு யாரும் பெட்டி அனுப்புவதில்லை. அவள் கல்யாணத்துக்கு முந்தைய நாட்களிலேயே சொந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு சமையலுக்கு வந்து உட்கார வேண்டியவள்.

மகள் கல்யாணத்துக்கு ஸ்ரியாத்துன் தன் பக்கத்து வீட்டுப் பர்த்தினிக்குப் பெட்டி அனுப்பிவிட்டாள்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கூப்பிடவும் சங்கடம், விட்டுவிடவும் சங்கடம். நல்ல துண்டாகப் பார்த்துத்தான் வைத்திருந்தாள். ஆனால் பர்த்தினி ஜெயிலிலிருந்து திரும்பி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெட்டி என்ன சொல்கிறது என்று அவளுக்குப் புரியாமலா போகும்?

சோலோ நகரத்தில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டில் வேலை பார்த்தவள். கணவன் சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் கிடந்தபோது, அந்த வீட்டு அம்மாவின் வளையலை எடுத்தாள். விற்கப் போன கடையிலேயே பிடித்துக்கொடுத்தார்கள். அவள் உள்ளே இருக்கும்போதே கணவன் போய்விட்டான். மகள் வெனிங் சித்தி வீட்டில் வளர்ந்தாள். யாராவது ஆறுதலாக, "பாவம், வீண் பழி போட்டிருப்பாங்க" என்று ஆரம்பித்தால், "இல்லை, எடுத்தேன்" என்று அங்கேயே நிறுத்திவிடுவாள்.

எங்கள் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே யாரையும் ஏசமாட்டார்கள். அவள் மளிகைக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு மழைக்கு மாறும். யார் வீட்டிலாவது கோழி காணாமல் போனால் கண்கள் அவள் வீட்டுச் சுவர்ப் பக்கம் ஒருமுறை போய்த் திரும்பும். பெண்களின் மாதக் கூட்டத்துக்கு அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீ களைப்பா இருப்பேன்னு நினைச்சோம், யூ" என்றார்கள். அக்காவை நாங்கள் 'யூ' என்றுதான் கூப்பிடுவோம். இதற்கு யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பெட்டி வந்த மறுநாள் கிணற்றடியில் என்னிடம் சொன்னாள். "அறுவடை முடிஞ்சதும் வெனிங்குக்குக் கல்யாணம் பேசியிருக்கு. நான் ஸ்ரியாத்துன் அடுப்படியில உக்காரலைன்னா என் அடுப்படியில யாரு வந்து உக்காருவா? கூலிக்கு ஆள் வெச்சு சமைச்சா பையன் வீட்டுக்காரங்க கேக்கமாட்டாங்களா, உங்க ஊர்ல மனுஷங்களே இல்லையான்னு?"

பெட்டியைக் கழுவினாள். துருப்பிடித்த கத்தியை, கவிழ்த்த கிண்ணத்தின் அடியில் தீட்டினாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் ஸ்ரியாத்துன் வீட்டுக் கொல்லையில் நின்றாள்.

"பெட்டியைக் குடுக்க வந்தேன். அப்படியே வெங்காயம் உரிச்சுட்டுப் போறேன்."

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லோரும் கையிலிருந்த வேலையின் மேல் குனிந்துகொண்டோம். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் அடுப்படிக்குத் தலைமை காசிரா. எல்லோருக்கும் அவள் 'புடே', பெரியம்மா. அவள்தான் தலையைத் தூக்கினாள்.

"வெங்காயத்துக்கு ஆள் இருக்கு. ஜெயில்ல என்ன சமைச்சே?"



"கீரையும் சோயாத் தெம்பேவும், புடே. உப்பில்லாம."

"அப்ப தேங்காய் துருவு. அதுக்கு உப்பு வேண்டாம்."

யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். பர்த்தினி ஓரமாக உட்கார்ந்து துருவினாள். பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் பைகளை மெதுவாக இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

பைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணச் சமையலுக்கு வருகிறவள் எவளும் வெறும் பையோடு வீடு திரும்புவதில்லை. ஒரு கோழி ஈரல், இரண்டு துண்டு இறைச்சி, கொஞ்சம் பொரித்த தெம்பே வாழையிலையில் சுருண்டு பைக்குள் போகும். வீட்டுக்காரிக்கும் தெரியும். அவளும் நாலு வீட்டில் அதைச் செய்தவள்தான். அதற்கு யாரும் ஒரு பெயர் வைத்ததில்லை. பர்த்தினி மட்டும் தன் பையை வாய் திறந்தபடி கிணற்றடிக் கொடியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி தொங்கவிட்டிருந்தாள்.

மறுநாள் மதியம் ஸ்ரியாத்துன் இறைச்சிப் பானையைத் திறந்து பார்த்தாள். "குறையுதே" என்றாள். பொதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கண் தேங்காய்த் துருவி இருந்த பக்கம் போனது. கத்திச் சத்தமெல்லாம் நின்றது.

பர்த்தினி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "என் பையைக் கொண்டுவரேன். பாத்துக்குங்க."

"உக்காருடி" என்றாள் புடே. "ஒரு பையைத் திறந்தா எல்லாப் பையையும் திறக்கணும். வயசுல பெரியவ நான். முதல்ல என்னோடது." பைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ஈரலும் நாலு துண்டு இறைச்சியும். "பேரனுக்கு. நேத்தும் கொண்டுபோனேன். ஸ்ரியாத்துன், உன் கல்யாணத்துலேர்ந்து எடுத்துட்டுத்தான் இருக்கேன். அடுத்தது யாரு?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தார்மி தன் பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். "எனக்கு மாட்டிறைச்சி ஒத்துக்காது, புடே."

"அதான் கோழியா எடுத்தியா?"

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. பொட்டலங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, என்னுடையதும்தான். கடைசியில் பர்த்தினியின் பை. கை துடைக்கிற பழந்துணி மட்டும் இருந்தது.

"ஒண்ணுமே எடுக்கலையா? எங்க மானத்தை வாங்கறியேடி!" என்றாள் புடே.

எல்லோரும் சிரித்தோம். பர்த்தினி சிரிக்கவில்லை. "நீங்க எடுத்தா அது பேரனுக்கு, புடே. நான் எடுத்தா அது திருட்டு."

ஸ்ரியாத்துன் கையிலிருந்த மூடியைப் பானை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பொட்டலங்களில் பாதி பானைக்குத் திரும்பியது. மிச்சக் குறைக்குப் பலாக்காய் வெட்டிப் போடச் சொன்னாள் புடே. விருந்தைச் சமாளித்துவிட்டோம்.

கல்யாணத்தன்று சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தோம். பர்த்தினி தலையைத் தூக்காமலே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "அறுவடைக்கு அப்புறம் வெனிங் கல்யாணம். எங்க வீட்டு அடுப்பு சின்னது."

தார்மி தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். இன்னும் ஒருத்தி எழுந்தாள். மற்றவர்கள் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

"சின்ன அடுப்புன்னா ரெண்டா போட்டுக்கலாம்" என்றாள் புடே. "நானும் வரேன்" என்று இரண்டு மூன்று குரல்கள். அதில் என் குரலும் உண்டு. ஆனாலும் பர்த்தினி எங்களைப் பார்க்கவில்லை. இறைச்சிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்த ஸ்ரியாத்துனின் முதுகையே பார்த்தாள்.

ஸ்ரியாத்துன் பானையைக் கவிழ்த்து வைத்தாள். திரும்பாமலே கேட்டாள். "இறைச்சி எவ்வளவு வாங்கப் போறே?"

"பத்துக் கிலோ."

"பதினஞ்சா வாங்கு, யூ. இவளுங்க பையைத்தான் பாத்தேல்ல. என் பையையும் சேத்துத்தான் சொல்றேன்."

"அப்ப இருபது" என்றாள் பர்த்தினி.