ஸ்டெல்லா அக்கா சொன்ன அர்த்தம்

செய்தி வந்தபோது நான் கியா பார்ம் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். "கலா, ஒங்க அக்கா போயிட்டா," என்றார் ஸ்டெல்லா அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன். கைப்பேசியை அவர் அணைக்கவில்லை. பின்னால் மருத்துவமனையின் மலாய் அறிவிப்புகள் கேட்டுக்கொண்டே இருந்தன.

தோட்ட அலுவலகத்தில் ஸ்டெல்லா அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசையில் கணக்கு எழுதும் கிராணிகளாக இருந்தோம். தோட்ட மேலாளரான துரையின் ஆங்கிலம் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு அவர் வழியாகத்தான் போகும். அவருக்கு விடைகொடுக்க இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் அவரைக் கேட்டுத்தான் பல காரியங்களை முடிவு செய்தீர்கள்.

அந்த மழைக்காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடைசி லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு விட்டிருந்தது. அதைப் பார்க்க வந்த எஞ்சினியர் துரையிடம், "வீ ஆர் நாட் அவுட் ஆஃப் த வூட்ஸ் யெட்," என்றார். "வீ வில் கீப் என் ஐ ஆன் இட்," என்றார் துரை. அருகில் நின்ற, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி அண்ணனுக்கு வூட்ஸ் என்றால் காடு, ஐ என்றால் கண் என்பது தெரியும். லயத்தில் வந்து, "காட்டுப் பக்கம் ஒன்னும் இல்லையாம். தொரை கண்ணு வைப்பாராம்," என்று சொல்லிவிட்டார்.

"ஏற்கெனவே பட்ட கண்ணு பத்தாதா?" என்று ஒரு பெண் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "ஆபத்து இன்னும் நீங்கலன்னு எஞ்சினியர் சொல்றாரு. பாத்துக்கிட்டு இருப்போம்னு தொரை சொல்றாரு. இப்போதைக்கு ஒன்னும் செய்ய மாட்டாங்கன்னு அர்த்தம். சர்ச் ஹாலுக்கு வந்துடுங்க," என்று மழையில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். முனியாண்டி அண்ணன் வீட்டுக்கு மறுபடியும் போனார்.

"பயப்படாத லா ஸ்டெல்லா. என் காதால கேட்டேன்."

"கேட்டது சரிண்ணே. அர்த்தம் வேற."

மனைவியையும் பிள்ளைகளையும் அவர் எங்களோடு அனுப்பினார். தான் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டார். விடியற்காலையில், லோரியிலிருந்து கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அந்த லயத்தின் பாதியைக் காணவில்லை. முனியாண்டி அண்ணனைச் சேற்றிலிருந்து மதியம்தான் எடுத்தார்கள்.

"இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும் கலா," என்று அக்கா வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் அலுவலகத்தில் யார் ஆங்கிலத்தில் சுற்றி வளைத்தாலும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். "நேரா சொல்லுங்க சார். நான் போய் சொல்லணும்."

போன மாதம் ஈப்போ மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். டாக்டர் வந்து போனதும் அந்தோணி அண்ணன் முகமெல்லாம் மலர்ந்து என்னிடம் திரும்பினார். "டச் என் கோன்னு சொன்னாரு கலா. நோய் தொட்டுட்டுப் போயிடுமாம்!"

எனக்கு அர்த்தம் தெரியும். நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அக்கா ஊசி குத்தாத கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்தார்.

"அப்படி இல்லீங்க. பொழைக்கலாம், பொழைக்காமலும் போகலாம், எந்தப் பக்கம் சாயும்னு அவருக்கே தெரியல. அதுதான் அர்த்தம்."

 அண்ணன், "அப்போ பிள்ளய வரச் சொல்லிடவா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க."

சிங்கப்பூரிலிருந்து மகள் வந்து சேர்ந்தாள். அம்மாவும் மகளும் பேசிக்கொள்ள நாட்கள் கிடைத்தன. அக்காவின் கடைசி மூச்சின்போது அவள் அருகில் இருந்தாள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, அன்று அவர் கையை நீட்டிய விதம்தான். கசப்பானதைச் சொல்ல நேரும்போது இப்போது நான் சன்னலைப் பார்ப்பதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, தமிழில் சொல்லிவிடுகிறேன்.