வேகக் குழாய்க்கு வைத்த பொட்டு

என் மனைவியின் தம்பிக்கும் எனக்கும் வாய்த்தகராறு என்றால் அது கிளைடரைப் பற்றித்தான் இருக்கும். இன்ஜின் இல்லாத விமானம் அது; இழுத்துத்தான் மேலே ஏற்ற வேண்டும். மேலூர் பக்கம் ஒரு பொட்டலில் நாங்கள் சிலர் சேர்ந்து பறக்க விடுகிறோம். அவன் ஓட்டுவான். பொட்டலின் மறுகோடியில், லாரி இன்ஜின் பூட்டிய வின்ச்சில் கயிற்றைச் சுற்றி இழுப்பது என் வேலை.

“சின்ன விமானத்துல கட்டி இழுக்கிறதுதான் மச்சான் நல்லது. நிதானமா ஏறும், யோசிக்க நேரம் இருக்கும்” என்பான். வடக்கே போய்ப் பழகியவன்.

“முன்னால போறவன் தப்புப் பண்ணா ரெண்டு உசுரு மாப்ள. வின்ச்சுனா கயிறு அந்தாலும் மூக்கைத் தாழ்த்தி நேரா எறங்கிரலாம்” என்பேன். அதற்கு எத்தனை நொடி கிடைக்கும் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுவேன். தரையில் உட்கார்ந்திருப்பவன் நான்தானே.

ஆயுத பூஜையன்று அவன் எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்த பிறகு, நான் சந்தனக் கிண்ணத்தோடு போனேன். இறக்கைக்கு, சக்கரத்துக்கு, கடைசியில் மூக்கில் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாயின் நுனிக்கும் ஒரு பொட்டு. அந்தக் குழாய்க்குள் காற்று புகுந்தால்தான் வேகம் காட்டும் முள் நகரும். எனக்குத் தெரியாததா? பழக்கதோஷம், கை தானாகப் போனது.

வின்ச்சுக்கு வந்து இழுத்தேன். வழக்கமாகச் செங்குத்தாக ஏறும் கிளைடர் பனைமர உயரத்திலேயே கயிற்றை உதறியது. மூக்கைத் தாழ்த்தி, தரையில் மோதித் துள்ளி, கருவேலம் புதருக்கு முன்னால் நின்றது. ஓடினேன். பூஜைக்கு வந்திருந்த என் மனைவியும் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“முள்ளு அசையவே இல்ல மச்சான். எம்புட்டு வேகத்துல போறேன்னே தெரியல” என்று இறங்கினான். குழாயைப் பார்த்தான். அக்காவின் தாலிச் சரட்டில் கிடந்த ஊக்கை வாங்கி, காய்ந்த சந்தனத்தைக் குத்தி எடுத்தான்.

“எவன் வச்சான்னு தெரியல. ஆனா நீங்க சொன்னது சரிதான் மச்சான். வின்ச்சுங்கவும் நேரா எறங்கிட்டேன்.”

இத்தனை வருஷ வாதத்தில் நான் ஜெயித்தது அன்றுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தனம் அப்பிய விரலை வேட்டி மடிப்புக்குள் மறைத்தேன். என் மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.