வண்டி மறந்த தெரு

எங்கள் குழு செய்த மென்பொருளை முதலில் வாங்கியது, அம்பத்தூரில் அம்மா வேலை பார்க்கும் தையல் கம்பெனிதான். ஈரக் கட்டையில் மஞ்சளாகப் படரும் ஓர் உயிர் உண்டு. அதற்கு மூளை கிடையாது. இரை கிடைக்கும் பக்கம் அதன் இழை தடிக்கும், கிடைக்காத பக்கம் சுருங்கும். அதைப் பார்த்துத்தான் கம்பெனி வண்டிகளின் பாதையை அமைத்தோம். நிறுத்தத்தில் நிற்கும் தொழிலாளர்களின் கைப்பேசிகளைக் கண்டுகொண்டு, ஆள் இருக்கும் தெருவுக்கு வண்டியின் பாதை தானாகத் திரும்பும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். வண்டியில் ஏறும்போதெல்லாம் அம்மா, "என் பொண்ணு பண்ணதுதான் இத்த இட்டுகினு போவுது" என்பாளாம். எனக்கும் அது பிடித்திருந்தது.

மழையில் சேக்காட்டில் எங்கள் தெரு முழங்கால் தண்ணீரில் கிடந்தது. "பாவம் அந்த டிரைவரு, உள்ள வந்து மாட்டிகினா இன்னா பண்ணுவாரு?" என்று அம்மாதான் எல்லாப் பெண்களையும் மெயின் ரோட்டுக்கு நடத்திப் போனாள். தண்ணீர் வடிந்தது. அம்மாவின் முட்டி வீங்கி, மெயின் ரோடு வரை நடக்க முடியாமல் போனது. அத்தனை நாள் ஆள் நிற்காததால் வண்டி எங்கள் தெருவை மறந்துவிட்டது.

"யாராண்ட சொல்லணும்டி?" என்றாள் அம்மா.

"யாரும் நிறுத்தலம்மா. அதுவா கத்துகிச்சு."

"அதுவான்னா? அதுக்கு மேல ஒரு மேஸ்திரிகூடவா இல்ல?"

பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். "வூட்லயே கீறாளே மேஸ்திரி, கேளேன்."

அலுவலகத்தில் கேட்டேன். அந்த நிறுத்தத்தை நிலையாக்க நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும். குழுத் தலைவர் ஒப்பவில்லை. "உங்க அம்மாவுக்குப் போட்டா, நாளைக்குத் திருமுல்லைவாயில்ல இன்னொருத்தர் கேப்பாரு. கடைசில பழைய டைம்டேபிள்தான் மிஞ்சும்." அவர் சொன்னதில் தவறில்லை. கம்பெனிக்காரர்களிடம் நானும் அப்படித்தான் பேசியிருந்தேன்.

தெருவில் ஆட்கள் தொடர்ந்து நின்றால் வண்டி திரும்ப வரும் என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாளே போய் நின்றாள். மற்றவர்கள் வழக்கம்போல மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மா ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள். இன்னொரு முறை தாமதமானால் வேலைக்கே வர வேண்டாம் என்றாராம் சூப்பர்வைசர்.

"ஒரே ஆள அது கணக்குல எடுக்காதும்மா. நாலஞ்சு பேராவது நிக்கணும்."

"வருவாளுங்க. நீ செஞ்சதாச்சே, பொய்யாவா போவும்?"

இன்று காலை நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். வேறு யாரும் வரவில்லை. நான் அந்தக் கம்பெனி ஆள் இல்லை. என் கைப்பேசி அதன் கண்ணில் படாது. மெயின் ரோட்டில் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

"ஆட்டோல போயிடலாம்மா, நேரமாச்சு."

அம்மா தெருமுனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருடி. இப்பதான கத்துகினு கீது."